வரையத் தொடங்கிய குழந்தையும் வீட்டாரும்

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்னும் சிறுநீரக நோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் வீடுகளில் ஒரு குறிப்பேடு இருக்கும். காலைதோறும் சிறுநீரைச் சோதித்து, புரதம் எவ்வளவு வெளியேறுகிறது என்பதைக் கூட்டல் குறிகளாகப் பெற்றோர் அதில் எழுதி வருவர். தொடர்ந்து மூன்று நாள்கள் 3+ அல்லது அதற்கு மேல் காணப்பட்டால் நோய் திரும்பியிருக்கிறது என்று பொருள். உடனே எங்களிடம் வரவேண்டும். ஆகையால் மருத்துவர்களாகிய எங்களுக்கு அந்தக் குறிப்பேடு மிகவும் முக்கியமானது. அதன் ஓரங்களில் மயிலோ, பேருந்தோ, மீசை வைத்த சூரியனோ வரையப்பட்டிருந்தால், அதை எங்களிடம் நீட்டும் தாய்மார் கூச்சப்படுகின்றனர். "எல்லாப் பக்கத்திலும் கிறுக்கி வைத்துவிட்டான், டாக்டர்" என்று குழந்தையை அங்கேயே கடிந்துகொள்வதும் உண்டு.

எண்கள் தெளிவாகத் தெரியும்வரை அந்தப் படங்களால் எங்களுக்கு எவ்வித இடையூறும் இல்லை. மாறாக, அவற்றைக் குறித்துப் பெற்றோரிடம் சற்று விரிவாகப் பேசவேண்டும் என்று எங்கள் பிரிவில் நெடுநாளாக எண்ணியிருந்தோம். வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் அதற்கு நேரம் வாய்ப்பதில்லை. இக்கட்டுரையை அதற்காகவே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஓவியம் வரைவதால் சிறுநீரில் புரதம் குறையாது; பழுதடைந்த சிறுநீரகம் தேறாது. மருந்தின் இடத்தில் அதை வைக்க முடியாது. எனினும், நீண்டகால நோயுள்ள குழந்தையின் வாழ்வில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. ஓராண்டில் அக்குழந்தை எத்தனை நாள் பள்ளியை இழக்கிறது, எத்தனை மாலைகளில் தெருவில் விளையாடும் பிள்ளைகளைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இரத்தச் சுத்திகரிப்புக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் படுக்கையில் கிடக்கின்றனர். ஊசி எப்போது, மாத்திரை எத்தனை, சாதத்தில் உப்பு எவ்வளவு, குடிக்கத் தண்ணீர் எத்தனை மில்லி என யாவற்றையும் பெரியவர்களே தீர்மானிக்கிறோம். அப்படித் தீர்மானிப்பது தவிர்க்க இயலாதது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு, ஒரு நாளில் தானாகத் தீர்மானிக்கக்கூடியது என்று எதுவுமே எஞ்சுவதில்லை. தாள் ஒன்று கையில் இருந்தால், யானை எந்த நிறம், வீட்டுக்கு எத்தனை சன்னல், கதவைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்பனவற்றை அதுவே முடிவு செய்கிறது. வீட்டார் இந்த உரிமையைக் காக்கவேண்டும் என்பதுதான் நாங்கள் சொல்ல விரும்புவது. பலர் நல்லெண்ணத்தோடேயே அதைப் பறித்துவிடுகின்றனர்.

பொருளும் இடமும்

மெக்சிகோ நாட்டு ஓவியர் ஃப்ரீடா காலோ 1925ஆம் ஆண்டு தம் பதினெட்டாம் வயதில் பேருந்து விபத்தில் சிக்கி, முதுகெலும்பும் இடுப்பும் முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். படுத்தபடியே வரைவதற்கேற்ற சட்டகம் ஒன்றை அவருடைய தாயார் செய்வித்தார். தந்தையின் வண்ணப்பெட்டி கைக்கு வந்தது. படுக்கைக்கு மேலே கண்ணாடி ஒன்றும் பொருத்தப்பட்டது. அதில் தெரிந்த தம் முகத்தையே அவர் வரையத் தொடங்கினார். பிரான்சின் ஆன்றி மத்தீஸ் சட்டம் பயின்று வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். இருபது வயதில் குடல்வால் அழற்சியால் படுத்திருந்தபோது, பொழுது போகட்டும் என்று தாயார் வாங்கித் தந்த வண்ணப்பெட்டியே அவரை ஓவியத்துக்குத் திருப்பியது. இவர்களைப் போல உங்கள் பிள்ளையும் புகழ்பெறும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தாய்மார் செய்தது எவ்வளவு எளிய காரியம் என்பதைக் கவனியுங்கள். படுத்திருப்பவருக்குக் கை எட்டும் இடத்தில் பொருளைக் கொண்டுவந்து வைத்தனர். அவ்வளவுதான்.

நம் வீடுகளில் இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தேர்வுக்குக் கொண்டுபோகும் கிளிப் வைத்த அட்டை ஒன்று, அதைச் சாய்த்துக்கொள்ள ஒரு தலையணை, பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம், சில கிரயான்கள் இருந்தால் போதும். உறவினர் அன்பளிப்பாகத் தந்த விலையுயர்ந்த வண்ணப் பென்சில் பெட்டியை, "வீணாக்கிவிடுவாள்" என்று பீரோவில் வைத்துப் பூட்டும் வழக்கத்தைப் பல வீடுகளில் கேள்விப்படுகிறோம். அந்தப் பெட்டியை வெளியே எடுங்கள். பென்சில் தேய்வதற்காகவே செய்யப்பட்டது. பிள்ளை கேட்டு, நீங்கள் எடுத்துத் தந்து, பிறகு எண்ணிப் பார்த்துத் திரும்ப வாங்கி வைக்கும் பொருளில் அதற்கு உரிமையுணர்வு ஏற்படாது. தாழ்வான அலமாரித் தட்டு ஒன்றையோ, கட்டிலுக்கடியில் ஓர் அட்டைப்பெட்டியையோ அதற்கென்று ஒதுக்கிவிடலாம்.

மருத்துவமனையில் சேர்க்கும்போது உங்கள் பிள்ளை எந்தக் கையால் வரைகிறது என்பதை எங்கள் செவிலியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து ஏற்றும் ஊசிக்குழாயை இயன்றவரை மற்றக் கையில் பொருத்துவோம். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ள பிள்ளைகளுக்கு முன்கையின் இரத்தக் குழாய்களை எதிர்காலத் தேவைக்காகப் பாதுகாக்கவேண்டியிருப்பதால், புறங்கையில் ஊசி குத்துவதையே விரும்புகிறோம்; எந்தப் புறங்கை என்பதைப் பெரும்பாலும் உங்கள் தகவலே முடிவு செய்யும். இரத்தச் சுத்திகரிப்புக்கான ஃபிஸ்டுலாவையும் அதிகம் பயன்படாத கையில் அமைப்பதே பொதுவான நடைமுறை. சிகிச்சையின்போது அந்தக் கை அசையக்கூடாது; மற்றொரு கை வரையும்.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளைப் பற்றி இங்கே தனியாகச் சொல்லவேண்டும். இடக்கையால் எழுதக்கூடாது, சாப்பிடக்கூடாது என்று பெரியவர்கள் கண்டித்த வீட்டிலிருந்து வரும் பிள்ளை, நாங்கள் கேட்கும்போது அச்சத்தில் "வலக்கை" என்று சொல்லிவிடும். நாங்களும் இடக்கையில் ஊசியைப் பொருத்திவிடுவோம். பிறகு ஐந்து நாள் அது எதுவும் வரைய இயலாமல் சுவரைப் பார்த்துக் கிடக்கும். இடக்கைப் பழக்கம் குறையன்று. அதை மாற்ற முயலவேண்டியதில்லை. எங்களிடம் மறைக்கவேண்டிய தேவை நிச்சயமாக இல்லை.

பார்ப்பதும் பேசுவதும்

"இது என்ன?" என்று பெரியவர்கள் கேட்கும்போது பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கிறது. நாய் என்று அதற்கு ஐயமின்றித் தெரிந்த ஒன்று, பார்ப்பவருக்கு நாயாகத் தெரியவில்லை என்பதைத்தான் அந்தக் கேள்வி அதற்கு உணர்த்துகிறது. "இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லேன்" என்று கேட்டால் போதும். பெரும்பாலும் ஒரு கதையே வரும். "சூப்பர்" என்று தலைநிமிராமல் சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்புவதைவிட, "வாலை நீளமாக வரைந்திருக்கிறாயே" என்று படத்தில் உள்ள ஏதேனும் ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்வது மேல். நீங்கள் உண்மையிலேயே பார்த்தீர்கள் என்பதை அது அறிந்துகொள்ளும்.

திருத்துவதற்கு அவசரப்படவேண்டியதில்லை. ஒன்றரை வயதளவில் கிறுக்கல் தொடங்குகிறது. ஏறத்தாழ மூன்று வயதில் வட்டத்தையும், நான்கு வயதில் கூட்டல் குறியையும், ஐந்து வயதில் முக்கோணத்தையும் பார்த்து வரையும் திறன் வருகிறது. மூன்று, நான்கு வயதில் வரையும் மனிதருக்குப் பெரிய தலையும் அதிலிருந்தே நேராகக் கிளம்பும் கால்களும் இருக்கும், உடல் இராது. உலகெங்கும் குழந்தைகள் இப்படித்தான் வரைகின்றனர். "வயிறு எங்கே, கழுத்து எங்கே?" என்று தாத்தா பேனாவை வாங்கித் தாமே வரைந்து காட்டினால் படம் சரியாகிவிடும், ஆனால் அது பிள்ளையின் படமாக இராது.

எட்டு, பத்து வயதுக்கு இடையில் நிலைமை மாறுகிறது. இதுவரை தயக்கமின்றி வரைந்த பிள்ளை, "எனக்கு வரைய வரவில்லை" என்று தாளைக் கசக்கி எறிகிறது. கண்ணால் காண்பதற்கும் கையால் வருவதற்கும் உள்ள தொலைவு அந்த வயதில்தான் அதற்குப் புலப்படுகிறது. பலர் வரைவதை நிறுத்திவிடுவதும் இப்போதுதான். வெறும் பாராட்டு இந்த வயதில் பயன்படாது. பொய் என்று அதற்குத் தெரிந்துவிடும். கைப்பழக்கம் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறார். அவர் ஓவிய ஆசிரியராக இருக்கவேண்டும் என்பதில்லை. பெயர்ப்பலகை எழுதும் மாமா, துணியில் பூவேலை செய்யும் சித்தி, இருபத்தோரு புள்ளிக் கோலத்தைத் தடுமாறாமல் இழுக்கும் பாட்டி என யாரேனும் ஒருவர் பெரும்பாலான குடும்பங்களில் இருப்பர். கோலம் கற்றுக்கொள்ள விரும்புவது பையனாக இருந்தால் கேலி செய்யாதீர்கள். புள்ளிகளின் கணக்கையும் வளைவின் ஒழுங்கையும் அதைவிடச் சிறப்பாகக் கற்றுத்தரும் பாடம் எங்களுக்குத் தெரிந்து வேறில்லை.

ஸ்டீராய்டு மாத்திரை உண்ணும் பிள்ளைகளுக்கு இந்த வயதில் வேறொரு துன்பமும் சேர்கிறது. முகம் உருண்டு, கன்னம் உப்பி, உடல் பருத்துவிடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளை தன்னை வரையும்போது மெலிந்த முகமாக வரையலாம். முகத்தையே வரையாமல் விடலாம். "நீ இப்படியா இருக்கிறாய்?" என்று விளையாட்டாகக்கூடக் கேட்டுவிடாதீர்கள். மருந்தின் அளவு குறையக் குறைய முகத்தின் உப்பல் படிப்படியாக வடியும் என்பதை வேறொரு பொழுதில் தனியே சொல்லுங்கள். மருந்தை நிறுத்தினால் முகம் சரியாகும் என்று பிள்ளையே மாத்திரையை மறைத்துத் துப்பிவிடும் ஆபத்து இருப்பதால், இந்தப் பேச்சு அவசியம்.

படத்தில் எதைத் தேடுவது

கறுப்பு நிறத்தைக் கண்டு கலங்கும் பெற்றோர் பலர். ஒரு தந்தை, மகன் வரைந்த படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்து எடுத்துவந்து, பிள்ளை அறைக்கு வெளியே சென்றபின் எங்களிடம் காட்டினார். வீட்டின் மேல் முழுவதும் கறுப்பாக அப்பியிருந்தது. அவன் மனத்தில் மரணபயம் இருக்கிறதோ என்று அவர் இரண்டு நாள் உறங்கவில்லை. பையனை அழைத்துப் படத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னோம். கரண்ட் போய்விட்டது என்றான்.

ஒரு நிறத்தையோ ஒரு படத்தையோ வைத்து குழந்தையின் மனநிலையை யாரும் கணித்துவிட முடியாது. நாங்களும் கணிப்பதில்லை. கறுப்பு கிரயான் அழுத்தமாகப் பதிகிறது என்பதற்காகவே அதை விரும்பும் பிள்ளைகள் உண்டு. மற்ற நிறங்கள் தீர்ந்துபோயிருக்கவும் கூடும். பிள்ளை உறங்காமல் இருக்கிறதா, உணவை வெறுக்கிறதா, விருப்பமானவற்றிலும் நாட்டமின்றி வாரக்கணக்கில் ஒதுங்கியிருக்கிறதா, வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஏதேனும் பேசுகிறதா என்பவைதான் கவனிக்கவேண்டியவை. இவற்றுள் எது இருந்தாலும், படத்தில் வானவில்லே இருந்தாலும், தாமதிக்காமல் எங்களிடம் தெரிவியுங்கள். ஸ்டீராய்டு மருந்தே சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் மனத்தளர்ச்சியையும் உண்டாக்கும். அதற்கு வழி இருக்கிறது.

எனினும், படத்தைப் பற்றிப் பிள்ளை சொல்லும் சொல்லை நாங்கள் கூர்ந்து கேட்கிறோம். "உன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று வரைந்து காட்டு" என்று சில வேளைகளில் கேட்பதுண்டு. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அவரை விதை போன்ற சிறுநீரகத்தை வரைந்து, அதற்குள் சிப்ஸ் பாக்கெட் ஒன்றையும் வரைந்தாள். கடையில் வாங்கித் தின்றதால்தான் இந்த நோய் வந்தது என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தான் செய்த குற்றத்துக்காக அம்மா வேலையை விட்டுவிட்டு மருத்துவமனையில் இருக்கிறாள் என்று அந்தக் குழந்தை மாதக்கணக்கில் நம்பியிருக்கிறது. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் தின்பண்டத்தால் வருவதன்று; வீக்கம் இருக்கும் காலத்தில் உப்பைக் குறைக்கச் சொல்கிறோம், அவ்வளவே. அதை அவளுக்கும் அவள் பாட்டிக்கும் ஒருசேர விளக்கினோம். நோயைத் தண்டனையாக எண்ணுவது நான்கு முதல் ஏழு வயதுவரையுள்ள குழந்தைகளிடம் மிகவும் இயல்பானது. அவர்கள் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. பக்கத்தில் அமர்ந்து ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போது வெளிவருகிறது.

வரையும் விதத்தில் உடல்நிலை மாற்றங்கள் தெரிவதுண்டு. வீட்டார் உண்மையில் தேடவேண்டியது இவற்றைத்தான். முன்பு நேராக வந்த கோடு இப்போது நடுங்குகிறதா? டாக்ரோலிமஸ் மருந்து உட்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கை நடுக்கம் வரலாம். இரத்தத்தில் மருந்தின் அளவு மிகுந்துவிட்டதற்கான அறிகுறியாகவும் அது இருக்கலாம். அளவைச் சோதித்துப் பார்த்து மருந்தைத் திருத்தி அமைப்போம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தாளை முன்பைவிட முகத்துக்கு அருகில் கொண்டுபோகிறதா, மங்கலாகத் தெரிகிறது என்கிறதா? ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உண்பவர்களுக்குக் கண்ணில் புரையும் கண்ணழுத்தமும் ஏற்படக்கூடும் என்பதால் கண் மருத்துவரிடம் அனுப்புவோம். பார்வை மங்கலோடு தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கலாம், அன்றே வரவேண்டும். பென்சிலைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை, புறங்கை உப்பியிருக்கிறது என்றால் வீக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். வரைந்துகொண்டிருக்கும்போதே விரல்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டால் கால்சியம் குறைந்திருக்கலாம். இவற்றை எங்களைவிட முன்னதாகக் கண்டுகொள்ளக்கூடியவர், பிள்ளை வரைவதை நாள்தோறும் பார்க்கும் நீங்கள்தாம். தாள்களில் தேதியிட்டு வைத்தால், இரண்டு மாத இடைவெளியில் கோடு எப்படி மாறியது என்பது எங்களுக்கும் தெரியும்.

வண்ணங்களைப் பற்றிய எச்சரிக்கை

பென்சிலின் கரிமுனை குறித்து அச்சம் வேண்டாம். அது கிராஃபைட்டால் ஆனது, ஈயம் அன்று. அஞ்சவேண்டியது வீட்டில் மீந்துபோன பழைய எனாமல் பெயின்ட்டைத்தான். இந்தியாவில் வீட்டு உபயோக பெயின்ட்டுகளில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வகுக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட டப்பாக்களிலும், அக்காலத்தில் பெயின்ட் அடித்த சன்னல் கம்பிகளிலும் ஈயம் மிகுதியாக இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கிரயான், வாட்டர் கலர் முதலியவற்றைக் குழந்தைகளுக்கென்று செய்யப்பட்டதாகவும், நச்சற்றது என்று குறிக்கப்பட்டதாகவும் பார்த்து வாங்குங்கள். தின்னர், டர்பன்டைன், நொடியில் ஒட்டும் பசை ஆகியவை பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது.

நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உண்ணும் பிள்ளைகள் தோட்டத்து மண்ணையோ குளத்துக் களிமண்ணையோ பிசைந்து உருவங்கள் செய்யவேண்டாம். கோதுமை மாவையோ, கடையில் விற்கும் விளையாட்டுக் களிமண்ணையோ தரலாம். தூரிகை கழுவிய நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். குடிநீர் அளவு கட்டுப்படுத்தப்பட்ட சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் தேவை. தாகம் மிகும்போது அந்தக் கிண்ணத்து நீரும் குழந்தைக்குத் தண்ணீராகத்தான் தெரியும். அப்பிள்ளைகளுக்குக் கிரயானும் பென்சிலுமே ஏற்றவை. வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்கள், திரவம் மாற்றும் அறையில் கோலமாவு, சாக்பீஸ், வண்ணப்பொடி ஆகியவற்றைப் புழங்கவேண்டாம். வரைந்த கைகளை வழக்கமான முறைப்படி கழுவியபிறகே திரவ மாற்றத்துக்கு அமரவேண்டும்.

பேரம், பாடம், போட்டி

"மாத்திரையைப் போட்டால்தான் கலர் பெட்டி." இது எங்கள் உள்நோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் சொல். உப்புக் கடலையைத் திருட்டுத்தனமாகத் தின்றதற்குத் தண்டனையாக நோட்டைப் பிடுங்கி வைப்பதும் உண்டு. பெற்றோரின் சோர்வு எங்களுக்குப் புரிகிறது. கசக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் ஒரு குழந்தைக்குக் கொடுப்பது எளிதன்று. ஆனால் அந்தப் பெட்டியைப் பேரப் பொருளாக்கிய நாளிலிருந்து அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. நாம் தீர்மானிப்பவற்றின் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. மாத்திரைக்கு வேறு ஊக்கங்களைத் தேடுங்கள். எதுவும் பலிக்கவில்லை என்றால் எங்களிடம் கேளுங்கள். வேறொன்றையும் சொல்லவேண்டும். ஊசி போடும்போது குழந்தையின் கவனத்தை விருப்பமான ஒன்றில் திருப்பினால் வலியும் அச்சமும் குறைகின்றன என்பது ஆய்வுகள் காட்டிய உண்மை. முன்பே பறித்து வைத்த பொருளைக்கொண்டு அந்த நேரத்தில் கவனத்தைத் திருப்ப முடியாது.

படிப்பு கெட்டுவிடும் என்ற கவலையை நாங்கள் புறந்தள்ளவில்லை. வருகைப்பதிவு குறைந்து, கணக்கில் இரண்டு பாடம் பின்தங்கிய பிள்ளை நோட்டு முழுதும் டிராகன் வரைந்துகொண்டிருந்தால் எந்தப் பெற்றோருக்கும் பதற்றம் வரும். படிப்பதற்கு ஒரு நேரமும் வரைவதற்கு ஒரு நேரமும் நாளில் குறித்துவிடுங்கள். ஒன்றின் குறைக்கு மற்றொன்றை வெட்டாதீர்கள். நோயினால் களைத்த நாளில் இரண்டுமே வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் விட்டுவிடுங்கள்.

போட்டிகளைப் பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பரிசு வாங்கிய பிள்ளை தன்னம்பிக்கை பெறுகிறது என்பார் ஒருசாரார். இதை எழுதுகின்ற எங்களுக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "இன்னும் கலர் அடி" என்று அரங்கின் ஓரத்திலிருந்து கைகாட்டும் பெற்றோர் இருக்கும்வரை அது பிள்ளையின் போட்டியாக இருப்பதில்லை. பிள்ளையே விரும்பிக் கேட்டால் அனுப்புங்கள்.

கொச்சியில் பிறந்த கிளின்ட் என்ற சிறுவனைப் பற்றி உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். 2017இல் மலையாளத்தில் திரைப்படமும் வந்தது. சிறுநீரக நோயுற்றிருந்த அவன் 1983ஆம் ஆண்டு, ஏழு வயது நிறைவதற்குச் சில வாரங்களுக்கு முன் காலமானான். அதற்குள் அவன் வரைந்தவை ஏறத்தாழ 25,000 படங்கள் என்று கூறப்படுகிறது. எங்கள் பிரிவுக்கு வரும் பெற்றோரிடம் இவனைப் பற்றிப் பேச நாங்கள் தயங்குவதுண்டு. தம் பிள்ளையின் நோயையும் வயதையும் ஒப்பிட்டு அஞ்சுவார்கள். அல்லது தம் பிள்ளையும் மேதையாகவேண்டும் என்று வதைப்பார்கள். அன்றைய நிலை வேறு, இன்று டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் குழந்தைகளுக்குக் கிடைக்கும் நிலை வேறு என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் உள்ள பெரும்பாலான பிள்ளைகள் ஸ்டீராய்டு மருந்துக்கு நன்றாகக் கட்டுப்பட்டு, வளர வளர நோயிலிருந்து விடுபடுகின்றனர். இருந்தும் இங்கே அவனைக் குறிப்பிடுவது அவன் பெற்றோருக்காக. கேட்டபோதெல்லாம் தாளும் வண்ணமும் தந்தனர். வரைந்தவற்றை எறியாமல் காத்து வைத்தனர். அந்தச் சிறுவனின் நாள்கள் எத்தனை என்று அவர்களுக்கு அப்போது தெரியாது.

ஆர்வம் நிலைத்துவிட்டால்

ஓராண்டு, ஈராண்டு கடந்தும் நாட்டம் குறையாத பிள்ளையை முறையாகக் கற்க அனுப்பலாம். தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு ஓவியமும் பிற கலைகளும் கற்பிக்கப்படுகின்றன. பிறகு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்குக் கீழ்நிலை, மேல்நிலை எனச் சான்றிதழ்கள் உண்டு. பட்டப்படிப்பாகப் பயில விரும்புவோருக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரியின் தொடக்கம் 1850ஆம் ஆண்டு. "இதில் சோறு கிடைக்குமா?" என்று பத்து வயதுப் பிள்ளையின் முன்னிலையில் விவாதிப்பதைத் தள்ளிப்போடலாம் என்பது எங்கள் எண்ணம்.

நோய் அடங்கியிருக்கும் காலத்தில் வகுப்புக்கு அனுப்பத் தடையேதும் இல்லை. அதிக அளவில் ஸ்டீராய்டு உண்ணும் வாரங்களில் நெரிசலான கூடத்தைத் தவிர்க்கலாம். உடன் பயிலும் யாருக்கேனும் அம்மை போட்டிருப்பதாகத் தெரியவந்தால் அன்றே எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள். அம்மை கண்ட வீட்டில் மருத்துவமனைக்குப் போகக்கூடாது என்ற நம்பிக்கையை மதிக்கிறோம். எனினும் இந்த மருந்துகளை உண்ணும் பிள்ளைக்குச் சின்னம்மை உயிராபத்தாக முடியக்கூடும். தொற்று நேர்ந்த முதல் சில நாள்களுக்குள் தந்தால்தான் தடுப்பு மருந்து நன்கு பயன்படும்.

வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருந்தால் அதற்கும் ஒரு நோட்டு வாங்குங்கள். நோயுற்ற பிள்ளைக்கு மட்டும் வண்ணப்பெட்டி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அக்காவோ தம்பியோ அதை நெடுநாள் மறப்பதில்லை.

இரத்தச் சுத்திகரிப்புக் கூடத்தின் நுழைவாயிலில் தாள்களும் கிரயான்களும் அடங்கிய தட்டு ஒன்றை வைத்திருக்கிறோம். துடைத்துத் தூய்மை செய்ய இயலாத பொருள்களை ஒரு பிள்ளையிடமிருந்து மற்றொரு பிள்ளைக்கு மாற்றுவதில்லை என்பதால், எடுத்துக்கொண்ட கிரயானை அவரவரே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வரைந்த படத்தைக் கூடத்தின் சுவரில் ஒட்ட விரும்பினால் பொறுப்புச் செவிலியரிடம் கொடுங்கள். பெயர் எழுதவேண்டுமா என்பதைப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்வோம். திரும்ப வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு அன்றே கழற்றித் தந்துவிடுகிறோம்.